ஏழு புள்ளி, நாலு வரை

கூட வேலை பார்த்த ஸ்வர்ணாவை நிறுத்தியதைக் கேட்க, ஆபீஸின் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் நாற்பது பேரும் நாளை உள்ளே போகாமல் கேட்டிலேயே நிற்பதாகப் பேச்சு. பத்துப் பேர் மட்டும் வந்தால் அந்தப் பத்துப் பேர் வேலையும் போய்விடும். மேனேஜர் எத்தனை மணிக்கு, எந்த கேட்டில் வருவார் என்பது சாயங்காலம்தான் தெரியும். தெரிந்ததும் சொல்ல வாட்ஸ்அப் குரூப் ஒன்றுதான் வழி. அதில் சூப்பர்வைசர் நாகேஷும் இருந்தான்.

அந்த நாற்பதில் ஒருத்தியான தமயந்திக்குக் காலை பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. அதே ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரூபினி பக்கத்தில் இருந்தாள்.

“குட்மார்னிங் படத்துக்குள்ள எழுத்தை ஒளிச்சிடலாம்க்கா. கண்ணுக்கே தெரியாது.”

“நாங்க எப்பிடிடீ படிக்கறது?”

“ஒரு ஆப் போடணும். படத்த டாக்குமென்டா அனுப்பணும். சும்மா அனுப்புனா வாட்ஸ்அப் நசுக்கிடும், உள்ள இருக்கறது போயிடும்.”

“பாதிப் பேர் போன்ல போட்டோவுக்கே இடமில்ல, ஆப்பாம்! பூப்படம் டாக்குமென்டா வந்தா நாகேஷுக்கு மூக்குல வேர்த்துடும்.”

“எல்லார் போன்லயும் தொறக்கணும்னா அவன் போன்லயும் தொறக்குமேக்கா!”

“தொறக்கட்டுமே. புரியணுமில்ல?”

மத்தியானம் உடைமாற்றும் அறையில் காதோடு காதாகச் சொல்லிவைத்தாள்: கோலம் வரும், நடுவரிசைப் புள்ளி மணி, கடைசி வரிசைப் புள்ளி கேட். சாயங்காலம் மணியும் கேட்டும் தெரிந்ததும் ஒரு தாளில் கோலத்தைப் போட்டுப் படமெடுத்து அனுப்பினாள். எவ்வளவு நசுக்கினாலும் புள்ளி புள்ளிதானே.

வீடு திரும்பும் பஸ் பெங்களூர் சில்க்போர்டில் நின்றபோது குரூப்பில் நாகேஷின் கன்னடம் கலந்த குரல் வந்தது: “தமயந்தியம்மா, ரங்கோலி சக்கத்தா இருக்கு! என் ஹெண்டதி வீணா கேக்கறா, எத்தினி புள்ளி?”

ஆண்பிள்ளை எண்ணமாட்டான் என்று நம்பினாளே, அவன் பெண்டாட்டியை மறந்துவிட்டாளே! மாற்றிச் சொன்னால் நாற்பது பேரும் அதையே படித்து வேறு கேட்டுக்குப் போவார்கள். சொல்லாவிட்டால் சந்தேகம். உள்ளதையே எழுதினாள்: “ஏழு புள்ளி, நாலு வரை, இடுக்கு.”

எத்தனை பேருக்குப் புரிந்ததோ. அடுகோடியில் இறங்கும்வரை போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

காலை ஏழுக்கு நாலாவது கேட்டில் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். மேனேஜரின் கார் உள்ளே போக வழியில்லை. நாகேஷ் ஓடிவந்தான்.

“யாரு சொன்னா உங்களுக்கு? ஏழு மணி, நாலாம் கேட்டுன்னு?”

எல்லோருக்கும் மூத்த லட்சுமம்மா இடுப்பில் கைவைத்தாள்.

“என் போன்ல படமே தொறக்கல சார். நல்லவேளை, நீங்க கேட்டீங்க.”