அறுநூற்றுப் பதினாலாவது குறை

காலை எட்டரை ஆனால் வாத்தியார் தானாக எழுந்துகொள்வார். யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

வாத்தியார் என்றால் ஆள் இல்லை, ஒரு கருவி. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், கம்பெனி எழுதி வைத்திருக்கிற நிரல் முழுவதையும் வரி விடாமல் படித்து, எங்கெங்கே கோளாறு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். தினமும் எட்டரைக்கு அந்தக் கட்டளை தானே ஓடி, விடையை அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தவள் எழில். பதினோரு மாதமாக விடை ஒன்றேதான். குறைகள்: 0. அதன் கீழே முதலாளி சக்கரபாணி ஒரு கும்பிடு போடுவார், அவளோடு நிரல் எழுதுகிற அன்பரசன் ஒரு கட்டைவிரலைத் தூக்குவான். அதோடு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எழில் மட்டும் அந்தப் பூஜ்ஜியத்துக்குக் கீழே எதுவும் போடமாட்டாள். ஏனென்றால் அது பூஜ்ஜியம் இல்லை.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். பள்ளிக்கூட வேன்களுக்கு ஒரு ஆப் செய்து விற்றார்கள். பிள்ளை வேனில் ஏறும்போது கதவருகே இருக்கிற மெஷினில் அட்டையைக் காட்டும், இறங்கும்போதும் காட்டும். உடனே அம்மாவுக்குக் குறுஞ்செய்தி போகும். எல்லாப் பிள்ளையும் இறங்கிவிட்டால் டிரைவர் திரையில் பச்சை விழும். இவ்வளவுதான் வியாபாரம்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் எழில் வாத்தியாரை முதல்முறை ஓட்டினாள். 1,137 குறைகள். திரை ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. சக்கரபாணி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ரேஷன் கடை க்யூ மாதிரி போயிட்டே இருக்குது? இதை எவன் கையிலயாவது காட்ட முடியுமா?" என்றார். வாத்தியாரிடமே அதற்கு ஒரு வழி இருந்தது. பழைய குறைகளையெல்லாம் ஒரு கோப்பில் கட்டி வைத்துவிட்டு, இனி புதிதாக வருவதை மட்டும் சொல் என்று கேட்டுக்கொள்ளலாம். கட்டளையின் வாலில் அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். அலுவலகத்தில் அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தார்கள். வாரத்துக்குப் பத்து வீதம் மூட்டையிலிருந்து எடுத்துச் சரிசெய்வது என்று பேச்சு. முதல் வாரம் மூன்றைப் பார்த்தாள், மூன்றும் உப்புச் சப்பில்லாதவை. அவற்றை முடிப்பதற்குள் வேறு அவசர வேலை வந்தது. பிறகு வாரங்கள் போயின, மூட்டை அவிழவே இல்லை. சக்கரபாணி பூஜ்ஜியத்தைத் தாளில் அச்சடித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

இன்று பௌர்ணமி. மூன்று மணிக்குப் போளூரிலிருந்து ஒன்பது பள்ளிக்கூடங்களை நடத்துகிற வேதா மேடம், ஆப்பை வாங்கலாமா என்று பார்க்க வருகிறார். அவர் எதிரிலேயே வாத்தியாரை ஓட்டிக் காட்டவேண்டும் என்பது உத்தரவு.

"தாளை நம்பமாட்டேன்றாங்க எழில். கண் முன்னாடி ஜீரோ வரணும்ங்கறாங்க. நீதானே தட்டணும், பதறாம தட்டு" என்றார் சக்கரபாணி. புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

எழில் உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். கட்டளையைத் தட்டிப் பார்த்தாள், பூஜ்ஜியம். இன்னொரு தடவை தட்டினாள், மறுபடியும் பூஜ்ஜியம். "என்னக்கா, திரும்பத் திரும்ப அதையே பாக்கறீங்க? வாத்தியார் மனசு மாறிடுவாரா?" என்று அன்பரசன் கிண்டல் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அக்கா அருணாதேவி.

"ஏய் எழிலு, உங்க ஆப்புக்கு இன்னாடி வந்துச்சு? பூஜா இறங்கிட்டாள்னு மெசேஜ் வந்து கால் மணி நேரம் ஆவுது. நான் இங்க ஸ்டாப்பிங்லயேதான் நிக்கறேன். வண்டியே வரல!"

பூஜா அக்காவின் ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் சேர்வதற்குள் வேன்கள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று பள்ளியில் அரை நாளோடு விட்டிருந்தார்கள்.

"வேற ஸ்டாப்பிங்ல இறக்கி விட்டிருப்பாங்களாக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே இறங்கிட்டாள்னு அனுப்பியிருக்கீங்க! எங்க இறங்குச்சு என் புள்ள?"

எழில் கணினி முன் உட்கார்ந்தாள். ஸ்கிரீனில் அந்த வேனைத் தேடினாள். பச்சை. பதினோரு பிள்ளைகளும் இறங்கியாயிற்று, வேன் காலி. டிரைவர் முருகவேலுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே குரல். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையில் டவருக்கு மூச்சு முட்டும். லட்சம் பேர் லட்சம் போனோடு வந்து இறங்கினால் எந்த டவர்தான் தாங்கும்? ஊருக்குள் மாட்டிக்கொண்ட மெஷின் பேச முடியாமல் கிடந்திருக்கும். அது சரி. பேச முடியாத மெஷினிடமிருந்து "இறங்கியாயிற்று" எப்படி வந்தது?

அவள் கட்டளையைத் தட்டினாள். இந்த முறை வாலில் இருந்த மூட்டையின் பெயரை எடுத்துவிட்டுத் தட்டினாள். சிவப்பு வரிகள் ஓட ஆரம்பித்தன. பிள்ளைகள் இறங்குவதைக் கவனிக்கிற கோப்பு எங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு கையால் முருகவேலுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள், எல்லைக்கு வெளியே, எல்லைக்கு வெளியே.

614. "பிழை பிடிக்கப்பட்டது. அதன் பிறகு எதுவும் செய்யப்படவில்லை."

திறந்து பார்த்தாள். குறித்த நேரம் கடந்தும் அட்டைத் தகவல் வராவிட்டால், மெஷினைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். மெஷின் பதில் சொல்லாவிட்டால் அதுதான் பிழை. அங்கே நின்று, நிலவரம் தெரியவில்லை என்று கூச்சல் போட்டிருக்க வேண்டும். நிரல் அதைச் செய்யவில்லை. பிழையை வாங்கி, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போய் எல்லோரும் இறங்கியாயிற்று என்று எழுதிவிட்டது. பிழையை விழுங்குகிற இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "இதைப் பிறகு பார்க்கணும். எழில்." தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம்.

வாத்தியார் முதல் நாளே சொன்னார். அவர் நாக்கைப் பிடித்து இழுத்துக் கட்டிப்போட்டவள் அவள்தான்.

அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. "பாத்துட்டே இருக்கேன்க்கா, அங்கயே இரு" என்று மட்டும் சொன்னாள். படியில் இறங்கி ஸ்கூட்டியை எடுக்கப் போனாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்ப ஏறி வந்தாள். ஒரு மணி பத்து நிமிடத்துக்கு, பதினேழாவது முறை, முருகவேல் போனை எடுத்தார்.

"அண்ணா! புள்ளைங்க எங்கண்ணா?"

"இன்னா மேடம், எங்க இருக்கும்? வண்டியிலதான் இருக்குதுங்க. ரோட்டை அடைச்சுட்டாங்க, சுத்திக்கினு போன்னு போலீஸ்காரர் திருப்பி விட்டுட்டாரு. இப்பதான் ஊரைத் தாண்டியிருக்கேன்."

"பதினோரு பேரும்?"

"பதினோரு பேரும். உங்கக்கா பொண்ணு முறுக்கு தின்னுக்கினு இருக்குது, பேசறியா?"

எழில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முருகவேல் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"பச்சை விழுந்துடுச்சுன்னு பயந்துட்டியாம்மா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதே கூத்துதான். புள்ளைங்க உக்காந்துனு இருக்கும்போதே பச்சை விழுவும். நான் அதைப் பாக்கறதே இல்ல. கடைசி சீட்டு வரைக்கும் நடந்து, குனிஞ்சு பாத்துட்டுதான் வண்டியைப் பூட்டுவேன். முன்னாடி சந்திரம்மான்னு ஒரு ஆயா வண்டியில வருவாங்க, அவங்க பாத்துப்பாங்க. அதான் ஆப் வந்துடுச்சேன்னு அவங்களை நிறுத்திட்டாங்க. நானும் இந்த மாசத்தோட நின்னுக்கறேன், முட்டி வலி ஜாஸ்தியா இருக்குது. புதுசா வர்ற பையனுக்கு இதையெல்லாம் சொல்லி வுடணும்."

"ஏண்ணா, இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேனே. ஸ்கூல்ல ரெண்டு வாட்டி சொன்னேன். அவங்க உங்க ஆபீஸ்ல கேட்டாங்களாம். தப்பு ஒண்ணுமே இல்ல, ஜீரோன்னு ஒரு பேப்பரைக் காட்டினாங்களாம். உனக்குத்தான்யா பாக்கத் தெரியலன்னுட்டாங்க."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதிலேயே நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேரில் கண்ணால் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு மனிதர். அவர் வாயை அடைக்கவும் அவளுடைய பூஜ்ஜியம்தான் போயிருக்கிறது.

ஒன்றே முக்காலுக்கு அக்கா கூப்பிட்டாள். "வந்துட்டாடி. நல்லாதான் இருக்கா. நான்தான் செத்துப் பிழைச்சேன்." சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

எழில் சக்கரபாணியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. கெட்ட மனிதர் இல்லை. "ஐயய்யோ, குழந்தைக்கு ஒண்ணும் இல்லியே?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, ராத்திரிக்குள்ள சரி பண்ணிடலாம். இப்ப அவங்க வர்ற நேரம். நீ எப்பவும் போல மூட்டையோடவே ஓட்டு."

"எல்லா ஸ்கூலுக்கும் இப்பவே சொல்லணும் சார். பச்சையை நம்பாதீங்கன்னு."

"சொல்லலாம்மா. அவங்க போகட்டும், சொல்லலாம். ஒண்ணும் ஆகலையே இப்ப?"

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆகாமல் பார்த்துக்கொண்டது அவர்கள் ஆப் இல்லை, முட்டி வலியோடு கடைசி சீட் வரைக்கும் நடந்த முருகவேல். அடுத்த மாதம் அவர் இருக்கமாட்டார்.

வேதா மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, நேராக எழிலின் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சக்கரபாணி பின்னால் நின்றார். எழில் வழக்கமான கட்டளையைத் தட்டினாள். முழு வரியும் திரையில் நின்றது, வாலில் மூட்டையின் பெயரோடு. இனி ஒரு பொத்தான்தான் பாக்கி.

அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. அழிக்கிற பொத்தானை அமுக்கினாள். வாலிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் போனது.

"எழில்" என்றார் சக்கரபாணி, மெல்ல.

அவள் திரும்பவில்லை. கட்டளையை ஓட விட்டாள். சிவப்பு வரிகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தன. வேதா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் எண் வந்து நின்றது.

"ஜீரோன்னு சொன்னீங்க?"

"ஆயிரத்து நூத்து முப்பத்தேழு மேடம். இத்தனை நாளா மறைச்சு வச்சு ஓட்டினோம். பாதிக்கு மேல சின்னச் சின்னதுதான். ஆனா அறுநூத்துப் பதினாலு அப்படி இல்ல. அது நான் எழுதினது." மெஷின் பேசாத கதை, பச்சை விழுந்த கதை, அக்கா ஸ்டாப்பிங்கில் நின்ற கதை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

வேதா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை வாங்கினா வேனுக்கு ஒரு ஆயா மிச்சம்னு உங்க சார் சொன்னாரும்மா. இருபத்தாறு வேன் ஓட்டறேன். இருபத்தாறு பேரை நிறுத்தலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

"நிறுத்தாதீங்க மேடம்."

அவர் எழுந்து, சக்கரபாணியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படியிறங்கிப் போனார். சக்கரபாணி ஜன்னலோரம் நின்று அந்தக் கார் வேலூர் சாலையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எழில் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை, திரும்பவும் இல்லை. "உங்கக்கா பொண்ணோட ஸ்கூல் நம்பரைப் போடு" என்றார். அவள் போட்டுக் கொடுத்தாள். "சார், சக்கரபாணி பேசறேன். வேன் டிரைவர் சொன்னதுதாங்க சரி. நாங்க சொன்னதுதான் தப்பு. நாங்க சரி பண்ணிச் சொல்ற வரைக்கும் பச்சையை நம்பாதீங்க" என்று ஆரம்பித்து, சந்திரம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்பது வரைக்கும் வந்துவிட்டார். மற்ற பள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எழில் அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூன்று வருடமாகப் பிறகு பார்க்கவேண்டியிருந்ததைப் பார்த்து முடித்தாள்.

மறுநாள் எட்டரைக்கு வாத்தியார் எழுந்துகொண்டார். குழுவில் விடை வந்தது. குறைகள்: 1,136.

கும்பிடு வரவில்லை. கட்டைவிரலும் வரவில்லை. எழில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாற்பதுக்கு அன்பரசனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"அக்கா, அதுல என்னுது எத்தனை?"