கழிப்பறைக் கல்வெட்டு

பாபநாசத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில், கருங்கல்லில் பெயர் பொறித்த கழிப்பறை ஒன்றே ஒன்றுதான் உண்டு. 'திறந்து வைத்தவர்: ஊராட்சி மன்றத் தலைவர் உயர்திரு வீ. துரைராசு' என்று போட்டிருக்கும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் தெருவின் முதல் கழிப்பறை அது. கட்டியது அவர் வீட்டுக் கொல்லையில், அவர் உபயோகத்துக்கு என்பதால், ரிப்பன் வெட்ட வெளியாள் தேவைப்படவில்லை.

பதவி ஒரே தடவையோடு போய்விட்டது. கல் நின்றது. கல்லுக்குப் பின்னால் இருந்த பீங்கான்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் விரிசல். ஒரு வாளித் தண்ணீரில் அடங்கியது இப்போது மூன்று வாளி கேட்டது. சுவரில் ஓதம் இடுப்பளவு ஏறியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வருமுன் கரையில் உடைப்பை அடைப்பதுபோல, வருஷந்தோறும் ஆடியில் துரைராசு வெள்ளை சிமெண்டைக் குழைத்து விரிசலை அடைப்பார்.

"வருஷா வருஷம் செஞ்சா அதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்கம்மா, திதி" என்று பிளம்பர் சைபுல்லா, துரைராசுவின் மனைவி பிரகதாம்பாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெயர்த்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கலாம் என்று அவளும் மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். தாராசுரம் கோயில் எண்ணூறு வருஷமாக நிற்கிறதே, அதை யாராவது மாற்றச் சொன்னார்களா என்பார் அவர். அங்கே யாரும் காலையில் போய் உட்காருவதில்லை என்பாள் அவள். போதாததற்கு, குத்தவைத்து எழுந்திருக்க முடியாதவன் விவசாயமே பண்ணக்கூடாது என்று டீக்கடையில் பத்துப் பேர் கேட்க அவர் சொல்லியும் வைத்திருந்தார்.

அவரால் குத்தவைக்க முடிந்தது. எழுந்திருப்பதுதான் முடியவில்லை.

அதனால் இரண்டு வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குழந்தைராஜ் வீட்டுக்குப் பேப்பர் படிக்கப் போய்வந்தார். அடுத்த வீடுதான். அங்கே வெஸ்டர்ன் இருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டியதும் "வயிறு ஒரு மாதிரி இருக்கு வாத்தியாரே" என்று உள்ளே போய்விடுவார். முப்பத்தாறு வருஷம் லீவு லெட்டர் படித்தவரான குழந்தைராஜ், அது எந்த மாதிரி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணியில் கொடி ஏறியது. வழக்கமாகத் தேர் அன்றைக்கு மட்டும் போய்வரும் குழந்தைராஜும் அவர் மனைவி அமலோற்பவமும், இந்தத் தடவை பத்து நாளும் தங்க ரூம் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முந்தின நாளே சொல்லித்தான் இருந்தார். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னதால் உள்ளே இருந்த துரைராசுவின் காதில் விழவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பூட்டைப் பார்த்தார். போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். தன் கல்வெட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பாதி குனிந்து பார்த்தார். முழங்கால் மறுத்துவிட்டது. கொல்லையில் பிரகதாம்பாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் புதிதாக ஒரு சாவி தொங்கியது.

"அது வாத்தியார் வீட்டுச் சாவியா?"

"ஆமா. ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி அமலோற்பவம் அக்கா குடுத்துட்டுப் போனாங்க. ஏன்?"

"பேப்பர் பாக்கணும்."

"பத்து நாளைக்குப் பேப்பர நிறுத்திட்டாங்களே."

துரைராசு கால் மாற்றி நின்றார். "செடிக்கு நானே தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

"நேத்து சாயந்தரம்தான் ஊத்துனேன். இன்னும் ஊத்துனா வேர் அழுகிடும்."

பதில் இல்லாத கேள்விகளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது தலைவராக இருந்த காலத்தில் அவர் வழக்கம். இது ஒத்திவைக்கிற விஷயமாக இல்லை.

"முட்டி மடங்க மாட்டேங்குது பிரகதா" என்றார், பாத்திரங்களுக்குக்கூடக் கேட்காத குரலில்.

அவள் சிரிக்கவில்லை. சாவியை எடுத்தாள், கொடுக்கவில்லை.

"சைபுல்லாவ வரச் சொல்லட்டா?"

"சொல்லு. கல்லு மட்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்று சாவியை நீட்டினாள். "ஓடுங்க."

சைபுல்லா முதல் அடி அடித்ததுமே பீங்கான் இரண்டாகப் பிளந்தது. வெள்ளை சிமெண்ட் மட்டும் உறுதியாக இருந்தது. ஐந்தாம் நாள் புது வெஸ்டர்ன், சுவரில் பிடித்து எழ ஸ்டீல் கம்பி எல்லாம் தயார். கல்வெட்டின் அடியில், கோயில் முறைப்படி, 'திருப்பணி: பிரகதாம்பாள்' என்று ஒரு வரி செதுக்கச் சொன்னாள். டீக்கடையில் கேட்டவர்களிடம், வீட்டில் சம்சாரத்துக்கு முட்டிவலி, பாவம், அதனால்தான் மாற்ற வேண்டியதாயிற்று என்று துரைராசு விளக்கினார்.

தேர் முடிந்து குழந்தைராஜ் பொரியும் மெழுகுவத்தியுமாக ஊர் திரும்பினார். மறுநாள் காலை துரைராசு வாசலில் பேப்பர் கிடந்தது.

"வாத்தியாரே, உங்க பேப்பர இங்க போட்டுட்டுப் போயிட்டான்" என்று மதிலுக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

ரோஜாச் செடியிடம் நின்றிருந்த குழந்தைராஜ் தன் பேப்பரை உயர்த்திக் காட்டினார்.

"சரியாத்தாண்ணே போட்டிருக்கு. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லிட்டேன். வயிறு எப்படி இருக்கு?"