மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

‘எந்தக் கரையில் நீ’ என்ற பாட்டு 2010 மார்ச்சில் வெளியானது. மட்டக்களப்பு நகரில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்திவந்த அன்ட்றியா எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு. கிட்டார் அவளுடைய அண்ணன் எல்மோ. யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காதல் பாட்டுத்தான், ஆனாலும் கேட்டவர்கள் காணாமல்போன தங்கள் தங்கள் ஆளை நினைத்துக்கொண்டார்கள். பஸ்களில் ஓயாமல் போட்டார்கள்.

மூன்றாம் அடியின் நடுவே குரல் சட்டென நின்று, ஒரு மூச்சு எடுத்து, மறுபடி தொடரும். எல்லாருக்கும் பிடித்தது அந்த இடம்தான். வானொலிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது, “தானா வந்தது” என்றாள் அன்ட்றியா.

அடுத்த வாரம், குழுவின் பயிற்சி நடந்த மண்டபத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வாகரையிலிருந்து வந்தவள், பெயர் இலட்சுமிப்பிள்ளை.

“அந்தப் பாட்டுப் படிச்ச பிள்ளை நீங்களா?”

“ஓம் அம்மா, இருங்க.”

அவள் உட்காரவில்லை. “அந்த ராகம் என்ட மகள் நிருஷாட. தம்பியை உறங்கவைக்க அவளாப் படிக்கிறது. அவளுக்கு இழுப்பு. நடுவுல மூச்சு முட்டும், நிப்பாட்டி எடுப்பா. அதையும் அப்படியே படிச்சிருக்கீங்க.”

அன்ட்றியாவுக்கு அந்த மெட்டைக் கேட்ட இடம் நினைவுக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு, நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. வரிசையில் நின்ற ஒரு சிறுமி முணுமுணுத்த மெட்டு அது. ஐந்து வருடம் காதுக்குள்ளேயே இருந்தது. பாட்டாக்கி முடித்தபின் தன்னுடையது என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

“பொய் சொல்லிட்டன் அம்மா. ஒரு பிள்ளை படிக்கக் கேட்டதுதான். பார்சல் வரிசையில.”

“எப்ப?”

“சுனாமிக்குப் பிறகு. பொங்கலுக்கு முதல் நாள்.”

இலட்சுமிப்பிள்ளை விரல்விட்டு நாளை எண்ணினாள். டிசம்பர் இருபத்தாறில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அலையில் போனார்கள். மகன் யதுர்ஷனின் உடல் கிடைத்தது, மகளுடையது கிடைக்கவில்லை. இருவருக்கும் சேர்த்தே வருடாவருடம் திவசம் கொடுத்துவந்தாள்.

“அப்ப அலை கொண்டுபோகல்ல” என்றாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு நெத்தியில தழும்பு இருந்ததா, மகள்?”

“தெரியா அம்மா. நான் முகத்தைப் பார்க்கல்ல.”

மெட்டு ஒரு சுரம் பிசகாமல் நினைவிருந்தது. முகம் இல்லை.

அன்றைக்கே இருவரும் காத்தான்குடிக்குப் போனார்கள். அன்ட்றியாவோடு அந்த நாட்களில் பார்சல் கொடுத்த ஸஹீதாவின் வீடு அங்கே.

“இழுப்புக்காரப் புள்ளதானே? நான்தான் மருந்து வாங்கிக் குடுத்தன்” என்றாள் ஸஹீதா. “மறுகா ஒரு நாள் மாமா எண்டு ஒராள் வந்து கூட்டிப்போனார்.”

“என்ட பிள்ளைக்கு மாமா இல்ல.”

ஸஹீதா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஆயுதம் தூக்கப் பிள்ளைகளை யார் யார் கூட்டிப்போனார்கள் என்று மூவருக்கும் தெரியும்.

அன்ட்றியா வானொலியில் உண்மையைச் சொன்னாள். அதன்பிறகு பாட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் அறிவிப்பாளர், “மெட்டு, வாகரை நிருஷா. கேட்டுக்கொண்டிருந்தால் அம்மாவுடன் தொடர்புகொள்ளவும்” என்று ஒரு தொலைபேசி எண்ணையும் வாசித்தார். நிறையப் பேர் அழைத்தார்கள். நிருஷாவைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கள் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள்.

மேடையில் மூன்றாம் அடி வரும்போதெல்லாம், பக்கத்தில் வேறு யாரோ மூச்சு இழுப்பது அன்ட்றியாவுக்குக் கேட்கத் தொடங்கியது. எல்மோவிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் வாகரைக் கடற்கரைக்குப் போனாள். இலட்சுமிப்பிள்ளை ஒரேயொரு வாழையிலை விரித்து, மகனுக்கு மட்டும் படைத்துக்கொண்டிருந்தாள்.

“செத்த பிள்ளைக்கு அழலாம், மகள். இவளுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. நீங்க அதைப் படிக்காம விட்டிருக்கலாமெண்டு சில நாள் நினைக்கிறன்.”



இலட்சுமிப்பிள்ளை இலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். “எண்டாலும் படிக்கிறத நிப்பாட்டிராதீங்க” என்றாள்.