பதினேழாம் கூண்டு

வெனிங் அரசாங்க உத்தியோகக்காரி. க்ளாத்தென் நகருக்குப் பக்கம் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை. அந்தக் காக்கிச் சீருடைக்காக நான்கு முறை தேர்வு எழுதியவள். மாமியார் தினமும் அதற்கு இஸ்திரி போட்டு மாட்டி வைக்கிற பக்தியைப் பார்த்தால், கல்யாணப் பட்டு கூடத் தோற்றுப்போகும்.

காதுதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. எங்காவது ஒரு வரிப்புறா கூவினால் முத்திரை அந்தரத்தில் நின்றுவிடும். முப்பத்தாறு வயதுவரை அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தாள். புறாக்களைக் கூவவிட்டுத் தரம் பார்க்கும் போட்டிக்கு நடுவர்கள் எடுக்கிறார்கள், பெண்களும் வரலாம் என்று கேள்விப்பட்ட அன்றுதான், தனக்கு வேண்டியது இதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மைதானத்தில் இருபத்து நான்கு கூண்டுகளை உயரமான கம்பங்களின் உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் கீழே நடந்து கேட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் குரலின் தரத்துக்கேற்ற வண்ணக்கொடியைச் செருக வேண்டும். வெனிங்குக்குப் பதினேழாம் கம்பத்திலிருந்து ஆரம்பம். அங்கே போய் நிமிர்ந்து பார்த்தாள். மணி அடித்தபோது அங்கேயேதான் நின்றிருந்தாள். கொடிகள் அத்தனையும் கையில் இருந்தன.

"மத்த இருபத்து மூணும் என்ன பண்ணுச்சு?" என்றார் தலைமை நடுவர்.

"தெரியலீங்க."

"இது?"

முப்பத்தெட்டு முறை கூவியது, ஒன்பதாவது கூவலில் நடுப்பகுதி சறுக்கியது, இருபதுக்குமேல் கடைசி இழுப்பு நீண்டது, முடிவில் அதற்குத் தாகம் என்று மடமடவென்று சொன்னாள். அவர் சிரிக்காமல் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

"சுதந்திர தின ஊர்வலத்துக்கு வந்தவ மாதிரி கொடியப் புடிச்சிட்டு நின்னியே," என்றான் கணவன் தர்சோனோ. கேலிதான், ஆனால் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்டுபிடித்த ஒரே ஆசையும் கைநழுவிய அழுகை அது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் வழிமறித்தார். பதினேழாம் கூண்டின் சொந்தக்காரர் கிஸ்வோரோ. புறா வளர்த்து விற்பவர்.

"தங்கச்சி, ஒன்பதாவதுல சறுக்கினது எனக்கே தெரியாது. என் கொட்டகையில அறுபது குஞ்சு இருக்கு. எது தேறும்னு ஒண்ணொண்ணு பக்கத்துலயும் உக்காந்து கேக்க ஆள் வேணும். வர்றவன் எல்லாம் ரெண்டு நிமிசம் நடந்துட்டுப் போயிடறான். நீ நாள் பூரா வந்துடறியா?"

அவள் வாயைத் திறக்குமுன் தர்சோனோ பதில் சொன்னான். "அவ அரசாங்க உத்தியோகம்."

ஆகவே விடியலிலிருந்து ஆறரை வரை என்று முடிவாயிற்று. ஏழு மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் வரிசையில் நின்று வருகை கொடுக்கும் அணிவகுப்பு. சீருடையோடே கொட்டகைக்குப் போய், ஒரு முக்காலி போட்டு ஒரே குஞ்சின்முன் உட்காருவாள். அந்த நேரம் போல் ஒரு நேரத்தை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனால் குஞ்சுகளுக்கு மணிக்கணக்கு தெரியாதே. அவள் கிளம்பும்போதுதான் தொண்டையைச் செருமும். அப்புறம் என்ன கூவியிருக்கும் என்ற ஏக்கத்திலேயே பகல் முழுக்க முத்திரை விழும். ஒருநாள் இறப்புச் சான்றிதழில் தலைகீழாக விழுந்தது.

மூன்றாம் வரிசையில் ஒரு குஞ்சு பத்தொன்பது நாளாக வாயே திறக்கவில்லை. ஊமை என்று தீர்மானித்து, அன்று காலையே சந்தைக்கு அனுப்பப் பெட்டி எடுத்து வைத்திருந்தார் கிஸ்வோரோ. திங்கட்கிழமை. அலுவலகத்தில் கொடியேற்றும் நாள் என்பதால் தாமதிக்கவே கூடாது. வெனிங் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் பாதிக் கூவல் ஒன்று கேட்டது. பாதிதான். அதற்குள் அடங்கிப்போனது.

தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். ஏழு ஆயிற்று; ஏழே கால் ஆயிற்று. கைபேசி அதிர்ந்தது.

"ஆபீஸ்ல உன்னைத் தேடறாங்க. எங்க இருக்க?" என்றான் தர்சோனோ.

"மெதுவா பேசுங்க. இன்னும் பாதி பாக்கி இருக்கு."

அவன் என்ன நினைத்தானோ, இணைப்பைத் துண்டிக்கவில்லை. அப்போது குஞ்சு கழுத்தை உப்பி, தொடக்கம், நடு, இழுப்பு என்று முழுசாகக் கூவியது. கடைசி இழுப்பு கொட்டகை ஓட்டில் பட்டு அடங்கியது.

"மிச்சப் பாதி அதுவா?" என்றான் அவன்.

"அதேதான்," என்றாள் வெனிங். "உங்கம்மாகிட்ட சொல்லிடுங்க. நாளைலேர்ந்து அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டாம்."