தங்கமணியின் கையெழுத்து

ஒரத்தநாட்டுப் பக்கம் பதினோரு ஏக்கர் நஞ்சையை ஒரு கம்பெனி கிடங்கு கட்ட வாங்குகிறது. பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை செம்மொழிக்கு. சென்னையின் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றின் தஞ்சாவூர்க் கிளையில் அவளைப் போலத் துருவிப் பார்க்க ஆள் கிடையாது. அந்தத் துருவல்தான் வினையாயிற்று.

வாரிசுச் சான்றில் நிலத்துக்காரர் இராஜாங்கம் ஒருவர்தான். அவருடைய அப்பா காலத்து ரேஷன் கார்டு நகலிலோ, பேனாவால் அடிக்கப்பட்ட இன்னொரு பெயர் இருந்தது. தங்கமணி, மகள்.

"அப்படி ஒருத்தி இல்லீங்க," என்றார் இராஜாங்கம். "தலைமுழுகி இருபத்தாறு வருஷமாச்சு."

ஜெக்கரியா என்கிற எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு, அவள் உயிரோடு இருக்கும்போதே, குடும்பம் மொத்தமும் வாய்க்காலில் இறங்கி முழுக்குப் போட்டிருக்கிறது. சட்டத்துக்கு அந்த முழுக்கெல்லாம் தெரியாது. அவள் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால்தான் நிலம் கைமாறும்.

கும்பகோணத்தில் அவளைத் தேடிப் பிடித்தாள் செம்மொழி. பங்கு எவ்வளவு என்றுகூடத் தங்கமணி கேட்கவில்லை.

"அண்ணன் வருமா?"

"வராம எப்படிக்கா? எழுதி வாங்கிக்கிறவங்களும் ஆபீஸுக்கு வந்து ரேகை வச்சாகணும்."

"அப்பப் போடுறேன். எனக்கு எதுவும் வேணாம். பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை பேசுனா போதும்."

பதிவு நாளன்று அலுவலகம் திறக்கும் முன்பே தங்கமணி வந்துவிட்டாள். ஆட்டோ வந்து நின்றபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் வந்தவர் நிலத் தரகர். கையில், தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இராஜாங்கம் அவருக்குக் கொடுத்த பவர் பத்திரம்.

அதன் வாசகத்தை எழுதியவளே செம்மொழிதான். நிலத்துக்காரர்கள் அலையக் கூடாதென்று வேலை தொடங்கும்போதே வாங்கி வைக்கிற வழக்கமான பவர். 'என் சார்பில் எந்தப் பத்திரத்தையும் எழுதி வாங்கவும்' என்றொரு வரி உண்டு. நூறு பேருக்கு எழுதிய வரி, யாருக்கு ஞாபகம் இருக்கும்? இராஜாங்கத்துக்கு இருந்தது. வெளியே ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டாள்.

"அதுக்குத்தானே பவர் கொடுத்திருக்கேன்?" வைத்துவிட்டார்.

உள்ளே கம்பெனி மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு முடிந்தாக வேண்டும்.

"அண்ணன் வரலையா?" என்றாள் தங்கமணி.

"உடம்புக்கு முடியலையாம்க்கா." வாய் தவறி வந்ததல்ல. தெரிந்தே சொன்ன பொய்.

"ஐயையோ, என்ன செய்யுதாம்?" கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள், விரலை மையில் வைத்தாள், காட்டிய கேமராவைப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்ததும், "ஊருக்கு மினி பஸ் எங்கம்மா நிக்கும்?" என்றாள். "முடியாம கெடக்குறப்போ என்ன கோபம்? ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுறேன்."

செம்மொழி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வீட்டு வாசலில் இவளை நிற்க வைத்து அவமானப்படுத்துவார்கள்.

"போகாதீங்கக்கா. அவர் நல்லாத்தான் இருக்கார். வர இஷ்டமில்லை. நான்தான் பொய் சொன்னேன்."

தங்கமணி திட்டியிருந்தால் தேவலாம். முந்தானையால் விரல் மையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. சொத்துக்காகச் சொல்லல. நான் போடாம இருந்திருந்தா, அந்தக் கையெழுத்துக்காகவாவது அண்ணன் என்னைத் தேடி வந்திருக்கும்."