எல்லைக்கல் வரை ஊழியம்

எங்களுக்கு முதலில் தலைவர் என்று யாரும் கிடையாது. செங்கோட்டைக்குக் கிழக்கே, திருவிதாங்கூர் சமஸ்தானம் முடிகிற இடத்தில் எங்கள் ஊர். சர்க்கார் கூப்பிட்டபோதெல்லாம் கூலியில்லாமல் ஊழியம் செய்வதற்குத் தலைவர் எதற்கு?

1931 ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்து அதிகாரி ஒருவருக்குக் குற்றாலத்தில் குளிக்க ஆசை வந்தது. மோட்டாரில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். ஆகவே பல்லக்கு. தூக்க வேண்டிய நால்வரில் நான் ஒருவன், தளவாய் ஒருவன். தளவாயின் நாற்று முற்றிப்போயிருந்தது. அன்று நடாவிட்டால் அந்தப் போகமே போச்சு.

உத்தரவு கொண்டுவந்த குமாஸ்தா வல்லிநாயகத்திடம், "இன்னொரு தரம் வாசிங்க அண்ணாச்சி" என்றான் தளவாய்.

"சமஸ்தான எல்லைக்குள் ஊழியம், நான்கு ஆள்."

எல்லைக்கல் வந்ததும் பல்லக்கை இறக்கிவைத்தோம். அதிகாரி தலையை நீட்டினார்.

"இதுக்கு அங்கிட்டு வெள்ளைக்காரன் சீமை எசமான்" என்றான் தளவாய். "உத்தரவு இல்லாம தூக்கிட்டுப் போனா குத்தம்லா."

நாங்கள் திரும்பிப் போய் நாற்று நட்டோம். அதிகாரி மழையில் நடந்தே குற்றாலம் சேர்ந்தார். அதற்குப் பிறகும் அருவியில் குளித்தாரா என்பது தெரியவில்லை.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. கலகக்காரர்களின் தலைவன் தளவாய் ஓராண்டு சமஸ்தானத்துக்குள் நுழையக் கூடாது. சர்க்காரே எழுதிக் கொடுத்த பிறகு நாங்கள் மறுப்பானேன்? அன்றுமுதல் அவர் எங்கள் தலைவர்.

தலைவர் எல்லைக்கு அப்பால் இலஞ்சியில் தங்கை பேச்சித்தாய் வீட்டில் தங்கினார். தினமும் காலையில் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, தன் வயலில் பச்சை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சர்க்கார் கச்சேரியின் கூரை ஒழுகியது. வேயக் கூப்பிட்டார்கள். "தலைவர்ட்ட கேக்கணும். அவரைத்தான் உள்ள விட மாட்டேங்கியளே" என்றோம். ஆடி போய் ஆவணியும் போனது. கச்சேரிக்குள் குமாஸ்தாக்கள் குடை பிடித்துக்கொண்டு எழுதினார்கள்.

புரட்டாசியில் வல்லிநாயகம் கல்லடிக்கு வந்தார். "ஏலே தளவாய், ஆளுகள அனுப்பச் சொல்லுப்பா."

"அறுப்புக்கு நான் வயல்ல நிக்கணும் அண்ணாச்சி. பொறவு பேசுவோம்."

ஆறாம் நாள் தடை ரத்தானது. தலைவர் கல்லைத் தாண்டி, நேரே வயலில் இறங்கினார். ஒரு கதிரை உருவி நெல்லைக் கடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

வரப்பில் நின்ற வல்லிநாயகம், "அப்ப கூரை?" என்றார்.

"வேஞ்சிரலாம். கூலி எம்புட்டு?"

எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வல்லிநாயகம் கையிலிருந்த உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கூலி பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.