மூணு மணிக்கு நிக்கிற லிஃப்ட்

எனக்கு ரத்தப் புற்றுநோய்னு டாக்டர் சொன்னப்போ நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கையில டாக்டர்?" பத்தொன்பது வயசுல கேக்கற கேள்வியா இது? ஆனா ரத்தம் உடம்பு பூரா ஓடுதே, எங்கே ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? டாக்டர் சிரிச்சுட்டார். பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவும் சிரிச்சாங்க. "வீட்டுல இவளுக்கு சி.ஐ.டி.ன்னு பேரு டாக்டர். இனிமே உங்க பாடுதான் திண்டாட்டம்"னாங்க.

அம்மா அப்படித்தான். ஊசி போட நரம்பு கிடைக்கலைன்னா ஜோக், நான் வாந்தி எடுத்தா ஜோக், முடி கொத்துக் கொத்தா கொட்டினப்போ "ஷாம்பு செலவு மிச்சம்டி"ன்னு ஒரு ஜோக். அப்பா லாரி ஓட்டறவர், வாரத்துல நாலு நாள் ரோட்டுலயே இருப்பார். அதனால ஆஸ்பத்திரியில எனக்கு அம்மா, அம்மாவுக்கு நான். எட்டு மாசம் அம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி நான் பார்த்ததில்லை. சில நாள் எனக்கு அதுல கோபம்கூட வரும். பெத்த பொண்ணு இங்க கிடக்கிறேன், கொஞ்சமாவது அழுதா என்ன குறைஞ்சா போயிடும்?

இப்போ எனக்கு இருபத்தொண்ணு. மருந்து நின்னு ஒரு வருஷம் ஆச்சு. முன்னாடி நேரா இருந்த முடி இப்போ சுருட்டையா வளர்ந்திருக்கு. ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. உயிர் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யணும்னு நினைச்சப்போ, என்ன செய்யறதுன்னு யோசிக்கவே இல்லை. லிஃப்ட்தான்.

எனக்கு மருந்து ஏத்தற வார்டு நாலாம் மாடி. நோயாளிகளுக்கு முன்பக்கம் பெரிய லிஃப்ட் இருந்துச்சு. கூட வந்தவங்களுக்குப் பின்பக்கத்துல ஒரு பழைய லிஃப்ட், கையால இழுத்து மூடற கம்பிக் கதவு போட்டது. மருந்து ஏத்தற அன்னைக்கெல்லாம் மூணு மணிக்கு அம்மா ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு டீ வாங்கக் கீழ போவாங்க. அரை மணி கழிச்சு வரப்போ முகம் செவந்து, மூக்கு செவந்து, கழுத்தெல்லாம் ஈரமா இருக்கும். "பாழாப்போன லிஃப்ட் திரும்பவும் நின்னுடுச்சுடி. நாலு மாடியும் ஏறி வந்தேன்"னு பொத்துனு உக்காருவாங்க. நாள் பூரா தையல் மிஷின் மிதிச்சுத் தேஞ்ச முழங்கால் அது. அதைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்த நான், பொழைச்சா முதல் வேலையா இவங்களுக்கு ஒரு புது லிஃப்ட் வாங்கிப் போடறேன்னு மனசுக்குள்ள சத்தியமே பண்ணேன்.

பொழைச்சேன். என் சிகிச்சை ஃபைலைக் கையில எடுத்துக்கிட்டு அஞ்சு மாசம் கடை கடையா, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். பாதிப் பணம் சேர்ந்துச்சு. மீதிப் பாதிக்கு ஒரே ஒருத்தர்தான் சரின்னார், அச்சகம் வச்சிருக்கிற ஒரு பெரியவர். நான் அவருக்கு வச்ச பேரு ஏன்-எதுக்கு சார். என்னைவிட அதிகமா கேள்வி கேக்கற ஆளை அன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

"லிஃப்ட் எத்தனை தடவை நின்னுச்சு? ஏன் நின்னுச்சு? ரெண்டையும் எழுத்துல கொண்டு வாம்மா. அப்போ தரேன்."

நியாயமான கேள்வி. அவர் கைவிரிச்சா அஞ்சு மாச அலைச்சலும் வீண். பாதி லிஃப்டை வாங்கி யாரும் மாட்ட முடியாதே.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா மிஷினை நிறுத்தினாங்க. "எதுக்குடி அதெல்லாம் கிளறிக்கிட்டு? லிஃப்டை விடு. நல்லதா நாலு நாற்காலி வாங்கிக் கொடு."

"உன் முழங்காலுக்காகத்தாம்மா இவ்வளவும்!"

"என் முழங்கால் உங்கிட்ட வந்து புகார் கொடுத்துச்சா?"

மறுநாளே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் போயிட்டேன். அங்க ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன், எது கெட்டுப்போனாலும் தேதி, நேரம், பழுது, செஞ்ச வேலைன்னு நோட்டுல எழுதி வைக்கிறவர். பின்பக்க லிஃப்டோட பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். மொத்தம் பதினாறு வரி. முதல் வரியில "கதவு சிக்கியது, எண்ணெய் விடப்பட்டது"ன்னு இருந்துச்சு. மீதி பதினஞ்சுலயும் ஒரே வாசகம்: "பழுது இல்லை. தானாக ஓடியது."

நேரத்தைப் பார்த்தேன். எல்லாமே மூணேகால் வாக்குல. தேதியைப் பார்த்தேன். என் சிகிச்சை ஃபைலைப் பக்கத்துல விரிச்சு வச்சேன். பதினாறும் எனக்கு மருந்து ஏத்தின நாள். அதுக்கப்புறம் இந்த ஒரு வருஷத்துல லிஃப்ட் ஒரு தடவைகூட நிக்கலை.

"அண்ணே, மருந்து ஏத்தற மிஷின் கரண்டை இழுத்துடுமோ?"

"உனக்கு மட்டுமா ஏத்தினாங்க? அந்த வார்டுல தினம் இருபது பேருக்கு ஏத்தறாங்க. இது என்ன கூத்தும்மா?"

"அப்போ நல்லா இருக்கிற லிஃப்ட் ஏன் நிக்கும்?"

அவர் நோட்டை மூடினார். "வா, காட்டறேன்"னு கூட்டிக்கிட்டுப் போனார். ஏறினோம். ரெண்டாம் மாடி தாண்டினதும் கம்பிக் கதவை ஒரு விரல் அளவு விலக்கினார். லிஃப்ட் அப்படியே நின்னுடுச்சு. முன்னாடி வெறும் சுவர். மேல ஆள் இல்லை, கீழ ஆள் இல்லை, ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில யாரும் கதவைத் தட்ட முடியாத இடம் இது ஒண்ணுதான்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

"உள்ள யாரோ இருக்காங்கன்னு தெரியும்மா. வெளியில நின்னா அழற சத்தம் லேசாக் கேக்கும். யாருன்னு நான் எட்டிப் பார்க்கலை. இருபது நிமிஷம் ஆனா தானா ஓடிடும். அதைத்தான் எழுதி வச்சேன்."

கம்பிக் கதவை நானே இழுத்து மூடினேன், லிஃப்ட் திரும்ப ஓடுச்சு.

வீட்டுக்குப் போய் மிஷினுக்கு எதிர்ல நின்னேன். "லிஃப்டை நிறுத்தினது நீதானே?"

அம்மா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க. மறுக்கலை. "முதல் தடவை நிஜமாவே மாட்டிக்கிட்டேன்டி. இருபது நிமிஷம். அன்னைக்குத்தான் வாய் விட்டு அழுதேன். கழிப்பறையில எப்பவும் வரிசை, படிக்கட்டு பூரா ஜனம். உன் முன்னாடி அழுதா நீ பயந்துடுவே. அதுக்கப்புறம் கதவை எப்படி விலக்கறதுன்னு பழகிட்டேன்."

"படி ஏறி வந்தேன்னு சொன்னியே!"

"மூஞ்சி செவந்ததுக்கு வேற என்னத்தைடி சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அஞ்சு மாசம்! உன் முழங்கால், உன் முழங்கால்னு ஊரெல்லாம் நாய் மாதிரி அலைஞ்சேன்! ஒரு வார்த்தை சொன்னியா?" கத்தினேன். கத்திக்கிட்டே அழுதேன். அம்மா சிரிச்சாங்க, சிரிப்பு பாதியில உடைஞ்சு அவங்களும் அழுதாங்க. முதல் தடவையா பார்த்தேன். மூக்கு அதே மாதிரிதான் செவந்துச்சு. அவங்க மடியில தலையை வச்சுக்கிட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டேன். "அப்போ யாராவது வந்து உனக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தா?"

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை. மூஞ்சி கழுவ ஒரு குழாய். வேற என்ன?"

மறுநாள் ஆஸ்பத்திரி மேலாளரைப் போய்ப் பார்த்தேன். நாலாம் மாடியில பழைய விரிப்பெல்லாம் போட்டு வைக்கிற இடத்தைத் தடுத்து அறை கட்டிக்கலாம்னார். லிஃப்டுக்குக் கொடுத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பப் போய்ச் சொன்னேன். சில பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க, கொடுத்தேன். கையில இருந்தது கரைஞ்சு கொஞ்சம்தான் மிஞ்சுச்சு. ஏன்-எதுக்கு சாரும் இல்லைன்னுட்டா அறைக்கு ஒரு சுவர்கூட எழும்பாது.

அம்மா நானும் வரேன்னு கிளம்பிட்டாங்க. அச்சகத்துல மிஷின் தடதடன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் நோட்டோட நகலை மேசை மேல வச்சேன். "பதினாறு தடவை நின்னுச்சு சார். ஆனா லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. புதுசு வேண்டாம்."

"அப்போ ஏன் நின்னுச்சு?"

"நான்தான் சார் நிறுத்தினேன்"னாங்க அம்மா. "அழறதுக்கு இடம் இல்லை."

ஏன்-எதுக்கு சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், திரும்பவும் துடைச்சார். "என் வீட்டுக்காரி படுத்திருந்தப்போ, ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி, காலையில இங்க வந்துடுவேன். வந்ததும் மிஷினை ஓட விட்டுட்டு அழுவேன். இந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. அச்சடிக்க ஒண்ணும் இருக்காது. வெறும் தாளா வந்து விழும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அந்த அறையில ஒரு நேரத்துல எத்தனை பேர் இருக்கலாம்?"

"ஒருத்தர் சார்."

"அப்போ ரெண்டாக் கட்டும்மா. வெளியில இன்னொருத்தர் காத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு தெரிஞ்சா உள்ள இருக்கறவங்களுக்கு அழுகை வராது."